மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது: பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

பல்லடம்_தறி:

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில், கூலிக்கு நெசவு செய்து கொடுக்கும் தறிக்குடோன் வைத்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி கொண்ட ஆண்ட்ராய்டு போன். வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் இரவு படுக்கப் போகும்வரை கவலை இருந்ததில்லை. பழைய ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போட்டுக் குடோனைப் பெரிதாக்கிய பிறகு வேலையும் கூடிவிட்டது, போனின் தொல்லையும் கூடிவிட்டது. காலை 6 மணிக்கு 100 சதவீதத்தோடு உள்ளே நுழைந்தால் மதியம் 2 மணிக்கு 20 சதவீதத்தில் வந்து நிற்கிறது. பாவு நூல் வருவது, துணி ஏற்ற வண்டி வருவது, ஆட்களின் கூலிக் கணக்கு என எல்லாமே போனில்தான் நடப்பதால், மதியத்துக்கு மேல் பவர் பேங்கைச் சட்டைப் பையில் சுமந்துகொண்டு திரிகிறேன்.

பலரும் சொன்ன வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். திரையைக் கருப்புப் பின்னணிக்கு மாற்றினேன், வேண்டாத செயலிகளை நீக்கினேன், திறந்த செயலிகளை உடனுக்குடன் தள்ளி மூடுகிறேன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவும் நிறுவிவிட்டேன். பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அருகில் உள்ள கடையில் காட்டியதற்கு, பேட்டரி போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பணம் செலவழித்து மாற்றிய பிறகும் நிலைமை இப்படியே இருந்தால் என்ன செய்வது என்றுதான் தயங்குகிறேன்.

எனக்கு விளங்காத செய்தி ஒன்று உண்டு. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தால், இரண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்த்தாலும்கூட இரவு வரை சார்ஜ் நிற்கிறது. ஒரே போன், ஒரே பேட்டரி, அப்படியிருக்க இவ்வளவு வேறுபாடு ஏன்? விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

காந்திபுரம்_பணிமனை:

வணக்கம் அண்ணா. கோவையில் போன் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைச் செய்தியைத்தான் கடைக்காரர் முதலில் கேட்டிருக்க வேண்டும். பேட்டரி தேய்ந்திருந்தால் வீட்டிலும் தேய்ந்துதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அது இளமையாகிவிடாது. போனின் சர்க்யூட் போர்டில் எங்கேனும் மின்கசிவு இருந்தாலும் அப்படித்தான்: போன் சும்மா கிடக்கும் இரவிலும் சார்ஜ் ஒழுகிக்கொண்டே இருக்கும். எனவே பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன், குடோனுக்குள் எது மின்சாரத்தைத் தின்கிறது என்று பார்ப்பதே முறை.

நீங்கள் தந்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். 8 மணி நேரத்தில் 80 சதவீதம் என்றால் மணிக்கு 10 சதவீதம். 5000 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரியில் அது சராசரியாக 500 மில்லி ஆம்பியர், ஏறத்தாழ 1.9 வாட். திரை எரியும் நேரத்தில் இது நியாயமான அளவுதான். ஆனால் நாளில் பெரும்பகுதி சட்டைப் பையில் கிடக்கும் போன் சராசரியாக இவ்வளவு இழுக்கிறது என்றால், திரை அணைந்த பிறகும் உள்ளே ஏதோ ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது என்று பொருள். திரை அணைந்து சும்மா கிடக்கும் நல்ல போன் மணிக்கு 1 சதவீதத்தையொட்டி, அல்லது அதற்கும் குறைவாகத்தான் இழக்கும்.

நீங்கள் செய்து பார்த்தவற்றைப் பற்றியும் ஒரு சொல். கருப்புப் பின்னணி வீணில்லை. ஆனால் அது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரையில்தான் பயன் தரும், எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அமோலெட்டிலும்கூட, 2021இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்தபோது, வெளிச்சத்தை முழுதாக வைத்திருக்கையில் 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமானது, வழக்கமான 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சமானதோ 3 முதல் 9 சதவீதம்தான். குடோனுக்குள் யாரும் முழு வெளிச்சம் வைப்பதில்லை. செயலிகளைத் தள்ளி மூடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் செயலியைக் கொன்றுவிட்டு, அடுத்த முறை அடியிலிருந்து எழுப்புவதற்குத்தான் சார்ஜ் கூடுதலாகப் போகும்.

நான்கு விவரங்கள் வேண்டும். வீட்டில் இரவு படுக்கும்போதும் விடியற்காலையிலும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள், அந்த நேரம் சார்ஜரில் போடாதீர்கள். குடோனில் ஒரு நாள் முழுதும் ஓடிய பிறகு, அமைப்புகளில் பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து, செயலிகளின் வரிசையோடு சிஸ்டம் வரிசையையும் பார்த்து எழுதுங்கள். சிக்னல் வலிமையை ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் அளவில் காணலாம். பல போன்களில் *#*#4636#*#* என்று அழுத்தினாலும் கிடைக்கும். அதை வாசலில் ஒரு முறையும் தறிகளுக்கு நடுவில் ஒரு முறையும் பாருங்கள். நான்காவது, பின்மூடி எங்கேனும் விளிம்பில் எழும்பியிருக்கிறதா என்பது. எழும்பியிருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீயில் முடியும்.

ஈரோட்டுச்_சந்தை:

இவ்வளவு ஆராய்ச்சி தேவைதானா என்று தோன்றுகிறது. இரண்டரை ஆண்டு ஓடிய பேட்டரி, அதுவும் நாள்தோறும் பவர் பேங்கில் ஏற்றி இறக்கிய பேட்டரி, தேயாமல் இருக்க வாய்ப்பே இல்லை. என் போனும் இப்படித்தான் இருந்தது. பேட்டரியை மாற்றினேன், இப்போது நன்றாக இருக்கிறது. மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

காந்திபுரம்_பணிமனை:

தேய்ந்திருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. பழைய ஐபோன்களுக்கு 500 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பின் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்பதுதான் ஆப்பிள் நிறுவனம் சொல்லும் கணக்கு. இரண்டரை ஆண்டில் பலரும் அந்த எண்ணைத் தாண்டிவிடுவார்கள். இந்தப் பேட்டரியும் 80க்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புதியதைப் போட்டால் இப்போது 8 மணி நேரம் ஓடுவது 10 மணி நேரம் ஓடும். 2 மணிக்கு 20 சதவீதத்துக்கு இறங்குவது 4 மணிக்கு இறங்கும், அவ்வளவே. உங்கள் போனில் வேறு கோளாறு இல்லாததால் பேட்டரி மட்டுமே விடையாக இருந்தது; இவருடைய போனில் ஞாயிற்றுக்கிழமை அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 30 சதவீதத்தில் இருந்து திடீரென 5க்கு விழுவது, அழைப்பில் இருக்கும்போதே அணைந்துபோவது போன்ற அறிகுறிகள் இருந்தால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன். அவர் அப்படி எதையும் சொல்லவில்லை.

பல்லடம்_தறி:

கேட்டபடி பார்த்துவிட்டேன். பின்மூடி சமமாக இருக்கிறது. வீட்டில் இரவு 10 மணிக்கு 64 சதவீதம், காலை 5 மணிக்கு 61. குடோனில் ஒரு நாள் ஓடிய பின் சிஸ்டம் வரிசையில் மொபைல் நெட்வொர்க் முதலிடத்தில், திரையையும் மிஞ்சி நின்றது. செயலிகளின் வரிசையில் முதலாவதாக இருப்பது, குடோனில் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமராவின் செயலி. அதை நான் நாளில் ஓரிரு முறைக்கு மேல் திறப்பதே இல்லை. சிக்னல் அளவு வாசலில் −94 டிபிஎம், தறிகளுக்கு நடுவே −117 டிபிஎம். இந்த எண்கள் நல்லவையா கெட்டவையா என்று தெரியவில்லை. இரண்டு சிம் போட்டிருக்கிறேன்; இரண்டாவது வங்கிக் கணக்கோடு இணைந்தது, அதற்குக் குடோனுக்குள் பெரும்பாலும் டவரே காட்டுவதில்லை.

நீலாம்பூர்_அலைவரிசை:

செல்போன் கோபுரங்களின் பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்த எண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

−94 என்பது வேலைக்குப் போதுமான சிக்னல். −117 என்பது தொடர்பு அறுந்துபோகும் விளிம்பு. இடைவெளி 23 டெசிபல். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும், டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு என்பதால், வாசலில் கிடைக்கும் அலையில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்குதான் தறிகளுக்கு நடுவே வந்து சேர்கிறது. நீங்கள் புதிதாகப் போட்ட தகர ஷீட்டும், வரிசையாக நிற்கும் இரும்புத் தறிகளும் அலையைத் தடுத்துத் திருப்பிவிடுகின்றன. ஓட்டுக் கூரை அலையை இந்த அளவுக்கு மறிப்பதில்லை.

கோபுரத்தில் இருந்து வரும் வழியில் எவ்வளவு இழப்போ, போனில் இருந்து கோபுரத்துக்குப் போகும் வழியிலும் ஏறக்குறைய அவ்வளவு இழப்பு. ஓடும் தறிக்கு அருகில் நின்று பேசுகிறவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதைப் போல, போனும் தன் ஒலிபரப்புத் திறனை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. 4ஜி போனுக்கான உச்ச வரம்பு பொதுவாக 200 மில்லி வாட். அது ஆன்டெனாவை விட்டு வெளியேறும் அளவுதான், அதை உண்டாக்கப் பேட்டரியில் இருந்து எடுக்கப்படுவது அதைவிடப் பெரிது. உச்சத்தில் அனுப்பியும் போய்ச் சேராதவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருப்பதால், வெளியில் ஒரு நொடியில் முடிகிற வேலைக்கு உள்ளே பல நொடிகள் ஆகின்றன. டவரே காட்டாத இரண்டாவது சிம்மோ, இருக்கிற அலைவரிசைகளையெல்லாம் துழாவித் தேடிக்கொண்டே இருக்கும். அதற்கும் சார்ஜ் போகும்.

இதன்மேல்தான் உங்கள் கேமராச் செயலி வந்து உட்கார்ந்திருக்கிறது. அசைவு தெரிந்தால் அறிவிப்பு அனுப்பும்படி அது அமைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணுகிறேன். ஆள் இல்லாத கடைக்கும் வீட்டுக்கும் அது பொருத்தம். பகலும் இரவும் தறி ஓடுகிற இடத்தில் கேமராவின் கண்ணுக்கு அசைவு இல்லாத நொடியே கிடையாது. ஒவ்வோர் அறிவிப்பும், தூங்கப் போன போனைத் தட்டி எழுப்புகிறது. ஒரு சிறு தகவல் வந்து போன பிறகும், அடுத்தது வருமோ என்று போனின் ரேடியோ (சிக்னலை அனுப்பிப் பெறும் பகுதி) சுமார் 10 விநாடி விழித்தே இருக்கும். நிமிடத்துக்கு நான்கைந்து அறிவிப்புகள் வந்தால் அது தூங்கவே முடியாது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே, பயன்படுத்தாத நேரத்தில் செயலிகளை முடக்கி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதன் ஆழ்ந்த நிலைக்குப் போன் அசையாமல் ஓரிடத்தில் கிடக்க வேண்டும். தறிக்குத் தறி நடந்துகொண்டிருப்பவரின் சட்டைப் பையில் அது நிகழ்வதில்லை. வீட்டில் மேசைமேல் இரவு முழுவதும் 3 சதவீதம் மட்டும் இறங்குவதற்கு அசையாமை ஒரு காரணம், நல்ல சிக்னல் மற்றொரு காரணம். வீட்டில் இருக்கும்போதும் அதே அறிவிப்புகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், ஆனால் அங்கே வைஃபையில் வந்திருக்கும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

செய்ய வேண்டியவை இவை. கேமராவின் அமைப்பில் அசைவு கண்டறியும் பரப்பை வாசற்படி, துணி அடுக்கும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் சுருக்குங்கள். மனித உருவத்தை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் குடோனில் இல்லாத நேரத்துக்கு மட்டும் அறிவிப்பு வரும்படி நேரம் குறித்துவிடுங்கள். கேமராவுக்கு இணைய இணைப்பு எப்படியும் இருக்கும். அதே ரவுட்டரின் வைஃபையில் குடோனுக்குள் போனை இணைத்து, வைஃபை வழி அழைப்பை இயக்குங்கள். நம் நாட்டில் இந்த வசதி 2019 இறுதியில் இருந்து கிடைக்கிறது, தனிக் கட்டணம் இல்லை. அலுவல் அறை மூலையில் இருக்கும் ரவுட்டரின் அலை தறிகளைத் தாண்டாது என்றால், கூரைக்குக் கீழே உயரத்தில், தறிகளின் தலைக்கு மேலே கம்பியோடு இழுத்து இன்னொரு வைஃபை கருவியை மாட்டலாம். 5ஜியைக் குடோனில் இருக்கும் நேரத்துக்கு அணைத்து 4ஜியில் வைப்பதும் நல்லது. நம் நாட்டில் 5ஜிக்குப் பெரிதும் பயன்படுவது 3300 மெகாஹெர்ட்ஸையொட்டிய உயர் அலைவரிசை, சுவரைத் துளைக்கும் வலு அதற்குக் குறைவு. 4ஜியின் துணையோடு ஓடும் 5ஜியாக இருந்தால் போன் ஒரே நேரத்தில் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைகளிலும் இணையத்திலும் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் அனைவரின் சிக்னலையும் அது கெடுக்கும், அதைத் தேடிக்கொண்டுதான் நாங்கள் வெயிலில் அலைவது.

பனியன்_மேற்பார்வை:

திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் தைப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். மேலே சொல்லப்பட்டவை எல்லாம் சார்ஜ் இறங்குவதைப் பற்றியவை. ஏறுவதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் அண்ணா. பஞ்சு பறக்கிற இடத்தில் வேலை செய்பவர்களின் போனில் சார்ஜ் துளைக்குள் பஞ்சும் நூல் துகளும் போய்ப் படிந்து, ஒவ்வொரு முறை வயரைச் செருகும்போதும் அடியில் அழுந்தி மெத்தைபோல் ஆகிவிடுகிறது. வயர் முழுதாக உள்ளே இறங்காததால் வேகமான சார்ஜ் தொடங்குவதே இல்லை; மெதுவாக ஏறும், லேசாக அசைந்தாலும் நின்று நின்று ஏறும், இரவெல்லாம் போட்டும் காலையில் நிறையாமல் இருக்கும். எங்கள் பிரிவில் சார்ஜர் பழுது என்று வருகிற போன்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் கோளாறு. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் விளிம்பை ஒட்டி மெல்லச் சுரண்டி எடுத்தால் போதும். ஊசி, குண்டூசி போன்ற உலோகம் எதையும் விடக் கூடாது. வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் உள்ளே போகும்.

இன்னொன்று, தகரக் கூரையின் சூடு. ஐபோன்களைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடுகிறது. மற்ற போன்களில் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். சித்திரை, வைகாசியில் மதியம் தகரத்துக்குக் கீழே அந்த வரம்பு எளிதில் கடந்துபோகும். அந்தச் சூட்டில், பவர் பேங்கோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதுதான் பேட்டரியின் ஆயுளை மிக வேகமாகக் குறைக்கும். ஏற்ற வேண்டியிருந்தால் அலுவல் அறையில் மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்து, 80 சதவீதம் வந்ததும் எடுத்துவிடுவது நல்லது.

பல்லடம்_தறி:

அனைவருக்கும் நன்றி. கேமரா அறிவிப்பை வாசல் பக்கத்துக்கு மட்டும் சுருக்கி, இரவு நேரத்துக்கு மாற்றிவிட்டேன். ரவுட்டர் அலுவல் அறையில் இருந்தது; வயர் இழுத்து நடுத்தூணின் உச்சியில் இன்னொரு கருவி மாட்டியாயிற்று, முதல் சிம்முக்கு வைஃபை அழைப்பும் வேலை செய்கிறது. தறிச் சத்தத்தில் எதிரே பேசுபவரின் குரல் கேட்காத தொல்லைக்கு மட்டும் எந்தத் தொழில்நுட்பமும் வரவில்லை. இப்போது மதியம் 2 மணிக்கு 58 சதவீதம் நிற்கிறது, சிஸ்டம் வரிசையில் மொபைல் நெட்வொர்க் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. சார்ஜ் துளையில் இருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சு வந்தது.

வங்கிச் சிம் ஒன்றுதான் மீதி. அதற்கு வைஃபை அழைப்பு என்ற தேர்வே காட்டவில்லை. பகலில் நூல் கடைக்குப் பணம் அனுப்பும்போது ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) அதில் குறுஞ்செய்தியாக வர வேண்டியிருப்பதால் அதை அணைத்து வைக்கவும் முடியவில்லை. அதற்கு என்ன செய்யலாம்?

நீலாம்பூர்_அலைவரிசை:

சில நிறுவனங்களின் சிம்மில், சில போன்களில் மட்டும் அந்தத் தேர்வு வராமல் இருப்பதுண்டு. போனின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு ஒரு முறை பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால், சிம் மேலாண்மைப் பக்கத்தில் அதை அணைத்து வைத்துவிட்டு, பணம் அனுப்பும் வேளையில் வாசலுக்கு வந்து இயக்கிக்கொள்வது எளிய வழி. அது தொல்லையாகத் தோன்றினால், எண்ணை மாற்றாமலேயே அந்தச் சிம்மை உங்கள் குடோனில் நன்றாகக் கிடைக்கும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் பக்கத்தில் வேலை செய்பவர்களின் போன்களை வாங்கி, அதே இடத்தில் நின்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் டிபிஎம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். −105ஐவிட வலுவாக, அதாவது −100, −95 என்று பூஜ்யத்தை நோக்கிக் காட்டுவதைத் தேர்ந்தெடுக்கலாம். மாற்றிய பிறகு சில மணி நேரம் வங்கிக் குறுஞ்செய்திகள் வராமல் தடைபடுவதுண்டு என்பதால், கூலி கொடுக்கும் சனிக்கிழமையில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம்.

காந்திபுரம்_பணிமனை:

58 என்றால் பேட்டரியை இப்போது தொட வேண்டாம் அண்ணா. ஞாயிற்றுக்கிழமையிலும் இரவுக்கு முன் தீரத் தொடங்கினால், அல்லது 20 சதவீதத்துக்கு மேலேயே போன் அணைந்தால், அப்போது மாற்றலாம். சில மாடல்களில் ‘போனைப் பற்றி’ பகுதியில் பேட்டரி எத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்ற எண்ணே இருக்கும், உங்கள் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றும் நாளில், புதிய பேட்டரியின் மேல் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ஆங்கில ஆர் எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணும் அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய பழையதை வீட்டுக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு.